குதிகால்

ஜூலை 28

கிணற்றில் மூன்றரை அடி தண்ணி. குர்ஆன் ஓதவரும் சின்னப் பிள்ளைகள் பதினொரு பேர், எல்லாரும் ஏழு எட்டு வயது. தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் உளூ எடுக்கத் தெரியுமா என்று கேட்டால் எல்லாக் கைகளும் மேலே போகின்றன. இன்னதற்காகச் செய்கிறேன் என்ற நிய்யத்தை அரபியில் ஒரே மூச்சில் சொல்லுகிறார்கள். அஸர் என்ற பின்னேரத் தொழுகைக்கு முன் கிணற்றடிக்கு அனுப்பிப் பார்த்தால் எட்டுப் பேருக்குக் குதிகால் நனையவே இல்லை.

ஜூலை 29

குதிகால் எப்படிக் காய்ந்து போகிறது என்று இன்று பக்கத்தில் இருந்து பார்த்தாயிற்று. பிள்ளை ஒற்றைக்காலில் நிற்கிறது. மற்றக் காலைப் பைப்புக்குக் கீழே நீட்டுகிறது. தண்ணி புறங்காலில் விழுந்து விரல் பக்கமாக வழிந்து ஓடிவிடுகிறது. பின்பக்கம் கையைக் கொண்டுபோனால் வழுக்கி விழுந்துவிடும் என்ற பயம், அதனால் கை அங்கே போவதே இல்லை. கவனக்குறைவு என்று பிள்ளையைப் பேசிப் பிரயோசனம் இல்லை. உட்காரவைக்க வேண்டும். ஓரடி உயரத்தில் ஒரு கல் போதும்.

உட்கார்ந்தபின்: வலக்கையால் தண்ணி, இடக்கையால் தேய்ப்பு. முதலில் கணுக்கால் மொழி இரண்டும், பிறகு உள்ளங்கையைக் கிண்ணம் மாதிரி வளைத்துக் குதிகாலை அதற்குள் வைத்து ஒரு சுற்று. கடைசியில் இடக்கைச் சின்ன விரலைக் கால்விரல் இடுக்குகளில் கீழிருந்து மேலாகக் கோதவேண்டும். வலக்காலின் சின்ன விரலில் தொடங்கி இடக்காலின் சின்ன விரலில் முடியும். இதைப் பிள்ளைகள் விளையாட்டுப் போலச் செய்கிறார்கள், இரண்டாம் தரம் சொல்ல வேண்டி வரவில்லை.

குதிகால்களுக்கு நரகத்தின் கேடு என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. ஏழு வயதுக்கு அதைக் கொண்டு தொடங்க மனம் வரவில்லை. காலில் நகமளவு இடத்தை நனைக்காமல் விட்டவரை நபியவர்கள் பார்த்து, திரும்பிப் போய் உளூவை நன்றாகச் செய்யுங்கள் என்று சொன்னதும் முஸ்லிமில் உண்டு. அதுதான் சொல்லிக் கொடுத்தது. நகத்தைக் காட்டி, “இவ்வளவுதான்” என்றதும் எல்லாரும் தங்கள் தங்கள் நகத்தைப் பார்த்தார்கள்.

ஜூலை 31

முகம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மூக்கிலும் கன்னத்திலும் அறைகிறார்கள். காதுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் காய்ந்தபடி இருக்கும், நாடிக்குக் கீழேயும் அப்படித்தான். எல்லையைத் தொட்டே காட்டவேண்டும்: மேலே முடி முளைக்கும் இடம், கீழே நாடி, பக்கத்தில் இந்தக் காதிலிருந்து அந்தக் காது.

நிய்யத் இன்னும் சிக்கல். நாங்கள் ஷாஃபிஈ மத்ஹப் என்ற சட்டவழியைச் சேர்ந்தவர்கள். முகத்தில் முதல் தண்ணி படும்போது நிய்யத் மனதில் இருக்கவேண்டும். பிள்ளைகள் மணிக்கட்டுவரை கை கழுவும்போதே சத்தமாகச் சொல்லி முடித்துவிட்டு, முகத்துக்கு வரும்போது பக்கத்துப் பிள்ளையோடு கதைத்துக்கொண்டு நிற்கிறார்கள். வாயால் சொல்வது மனதுக்கு உதவியாகத்தான். “முகத்தில தண்ணி படேக்க என்ன நினைக்கிறீங்க?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டதில் ஒரு பிள்ளை, “குளிருது எண்டு” என்றது. உண்மையைச் சொன்ன பிள்ளை. அதற்கே முதலில் விளங்கியதும்.

ஓகஸ்ட் 2

மூன்றடி. வானத்தில் ஒன்றுமில்லை.

ஓகஸ்ட் 3

பைப்பைத் திறந்துவிட்டு ஒரு பிள்ளையை உளூ எடுக்கச் சொல்லி, கீழே வாளி வைத்தோம். பத்து லீற்றர் வாளி நிறைந்து வழிந்தது. நபியவர்கள் ‘முத்து’ என்ற அளவில் ஒரு முத்துத் தண்ணியில் உளூ எடுத்திருக்கிறார்கள். நடுத்தர மனிதனின் இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு அது, முக்கால் லீற்றருக்குள் அடங்கும்.

ஒன்றரை லீற்றர் போத்தலின் மூடியில் ஊசியால் நாலு துளை. ஒவ்வொரு உறுப்புக்கும் மூன்று தரம் ஊற்றியும் அடியில் நாலு விரல் மிஞ்சியது. மெல்லிய தாரை விழுந்த இடத்திலேயே நிற்கிறது, அதைத் தேய்த்துப் பரப்ப வேண்டியிருக்கிறது, அதனால் கை தானாகவே பின்பக்கமும் போகிறது. திறந்த பைப்புக்குக் கீழே தண்ணியே எல்லா வேலையையும் செய்துவிடும் என்று பிள்ளை நம்பிவிடுகிறது.

ஆனால் தேய்ப்பு மட்டும் போதாது. கழுவும் உறுப்பில் தண்ணி ஓடவேண்டும். ஈரக்கையால் தடவிவிட்டால் கழுவினதாகாது. தலைக்கு மட்டும்தான் தடவல்.

மூன்றுக்கு மேல் நாலாவது வேண்டாம். சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளட்டும். சந்தேகத்துக்கு இடம்கொடுக்கும் பிள்ளை ஒன்று இருக்கிறது, கையைக் கழுவிக்கொண்டே நிற்கும். அதை அவசரப்படுத்தாமல் பார்க்கவேண்டும்.

ஓகஸ்ட் 6

ஒரு பிள்ளை இடக்கையில் பிளாஸ்ரரோடு வந்திருக்கிறது. மதில் ஏறி விழுந்ததாம். வீட்டில் ஒரு மாதத்துக்கு உளூ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

அப்படி விடத் தேவையில்லை. முகம் வரைக்கும் வழமைபோல. கையின் முறை வரும்போது முதலில் தயம்மும், அதாவது தண்ணிக்குப் பதில் மண்ணால் சுத்தம்: ஒரு தரம் மண்ணில் அடித்து முகம், இன்னொரு தரம் அடித்து முழங்கை வரை இரு கைகள். பிறகு வலக்கையைக் கழுவி, இடக்கையில் வெளியே தெரியும் விரல்களையும் முழங்கைப் பக்கத்தையும் கழுவி, பிளாஸ்ரர் முழுவதும் ஈரக்கையால் ஒரு தடவல். பிறகு தலை, கால். மண் முதல், தண்ணி பிறகு. பட்ட புழுதியைத் தண்ணி எடுத்துப்போகும்.

பிழைத்தது எங்கே என்றால், முகம் கழுவின ஈரத்தோடு பிள்ளை மண்ணில் அடித்தது. உள்ளங்கையெல்லாம் சேறு. முதலில் துவாயால் முகத்தையும் கையையும் ஒற்றவேண்டும். மண்ணும் புழுதி எழும்பும் மண்ணாக இருக்கவேண்டும். சுன்னாகப் பக்கத்துச் செம்மண் ஒரு சின்னப் பெட்டியில் கொண்டுவந்து வைத்தாயிற்று, தட்டினாலே எழும்புகிறது.

சுகமான பிறகு இந்தத் தொழுகைகளைத் திருப்பித் தொழவேணுமா என்று பெரிய பிள்ளை ஒன்று கேட்டது. கட்டு எந்த உறுப்பில், எப்போது போட்டது என்பதைப் பொறுத்து அதில் விரிவு இருக்கிறது. ஏழு வயதுக்குக் கடமையே இல்லை, பழக்கம்தான். பெரியவர்களுக்கு இப்படி வந்தால் மௌலவியிடம் போய் முழு விபரமும் சொல்லிக் கேட்கவேண்டும்.

ஓகஸ்ட் 7

இன்றும் மூன்று பிள்ளைகளின் குதிகால்.

ஓகஸ்ட் 11

பலாப்பால். விடுமுறையில் வீட்டில் பழம் வெட்டியிருக்கிறார்கள், ஐந்து பிள்ளைகளின் விரல் இடுக்கில் கறுத்த பிசின். அதற்குக் கீழே தண்ணி போகாது. சவர்க்காரத்துக்கும் அது அசையாது, மணலால் தேய்த்தால் தோல்தான் போகும். தேங்காயெண்ணெய் பூசிக் கொஞ்சநேரம் விட்டு, துணியால் துடைத்து, பிறகு சவர்க்காரம். பனங்களியும் காய்ந்தால் அப்படித்தான், ஆனால் இளஞ்சூட்டுத் தண்ணிக்கு இளகிவிடும்.

மருதோன்றிச் சிவப்பு, பேனை மை, பனம்பழத்து மஞ்சள், இவை வெறும் நிறம், பரவாயில்லை. நகப்பூச்சு, பசை, பெயின்ற், இவை படலம். நகத்தால் சுரண்டும்போது ஏதாவது உரிந்து வந்தால் அது படலம். பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை பிடித்துவிட்டது. தலையில் வைத்த எண்ணெய்க்குப் பயப்படவேண்டாம்.

ஓகஸ்ட் 12

தண்ணி உவர்க்கத் தொடங்கிவிட்டது. சுண்ணக்கல்லுக்குள் நல்ல தண்ணி உப்புத் தண்ணியின் மேலே மிதந்துகொண்டிருக்கிறது. மோட்டரை நெடுநேரம் ஓடவிட்டால் மேலுள்ளது குறைந்து கீழுள்ளது ஏறிவிடும். இனிக் காலை கால்மணி, மாலை கால்மணி.

உப்புத் தண்ணியில் உளூ கூடுமா என்று கேட்கிறார்கள். கடல் தண்ணியிலேயே கூடும்.

ஓகஸ்ட் 14

கிப்லா, தொழும்போது பார்க்கும் மக்காவின் திசை. “மேற்கு” என்று சொல்லிப் பழக்கிவிட்டோம், பிள்ளைகள் சூரியன் விழும் பக்கம் நேராக நிற்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மக்கா மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 22 பாகை. பள்ளியில் விரிப்புக் கோடு காட்டித்தரும், வீட்டில் எது காட்டும்? ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் எந்தச் சுவரின் எந்த மூலையைப் பார்ப்பது என்று வாப்பாவிடம் கேட்டுவரவேண்டும்.

ஓகஸ்ட் 16

கரண்ட் இல்லை. இரண்டடி.

எல்லாரும் ஒரே வாளிக்குள் கைவிட்டுவிட்டார்கள். முகம் கழுவினபின், அள்ளி எடுக்கிறேன் என்ற எண்ணமில்லாமல் சின்ன வாளிக்குள் கையை விட்டால் அந்தத் தண்ணி பாவித்த தண்ணியாகிவிடும், பிறகு உளூவுக்கு உதவாது. அந்த எண்ணத்தை ஏழு வயதில் ஒவ்வொரு தரமும் மனதில் வைத்திருப்பது கஷ்டம். பேணி, அதாவது குவளை, வையுங்கள். ஒருவர் ஊற்ற ஒருவர் கழுவட்டும்.

ஓகஸ்ட் 17

பேணியோடு சோடி சோடியாக விட்டது பெரிய காரியமாகிவிட்டது. ஊற்றுகிற பிள்ளைக்குத்தான் மற்றப் பிள்ளையின் பின்னங்கால் தெரிகிறது! “இஞ்ச காயுது, இஞ்ச காயுது” என்று விரலால் தொட்டுக் காட்டுகிறது. முழங்கையிலும் அப்படித்தான், சட்டைக்கை நழுவி விழுந்த இடத்தை ஊற்றுகிறவரே மேலே மடித்துவிடுகிறார். பிளாஸ்ரர் பிள்ளையின் சோடிக்கு இப்போது தடவலின் ஒழுங்கு மனப்பாடம்.

பதினொன்றில் ஒரு பிள்ளையின் குதிகால் மட்டும் காய்ந்திருந்தது. தரையில் காற்சுவடு பார்த்துப் பிரயோசனமில்லை, ஈரத்தரையில் உள்ளங்கால் எப்படியும் நனைந்துவிடும், பின்பக்கம் சுவட்டில் விழாது. தொட்டுத்தான் பார்க்கவேண்டும்.

ஓகஸ்ட் 19

கிணற்றில் செத்த தவளை. எடுத்தாயிற்று. மூன்றடிக் குறுக்களவு வளையத்தில் ஓரடித் தண்ணி ஏறத்தாழ 200 லீற்றர். அசுத்தம் விழுந்தும் நிறமும் மணமும் ருசியும் மாறாவிட்டால் தண்ணி கெடாத அளவான இரண்டு குல்லத்தைச் சிலர் 190 லீற்றர் என்றும் சிலர் 216 என்றும் கணக்கிடுகிறார்கள். இன்று ஓரடி ஒன்பது அங்குலம் இருக்கிறது, 350 லீற்றர். நிறமும் மணமும் ருசியும் மாறவில்லை. சுத்தம்தான். ஓரடி ஒரு அங்குலத்துக்குக் கீழே இறங்கினால் இந்தத் தீர்ப்பை இப்படிச் சொல்ல முடியாது. வலை போட்டு மூடவேண்டும், இன்றைக்கே.

ஓகஸ்ட் 20

ஓதும் நடுவில் காற்றுப் பிரிந்தால் ஒவ்வொரு தரமும் கிணற்றடிக்கு அனுப்பவேண்டாம். படிக்கும் சின்னப் பிள்ளை உளூ இல்லாமல் முஸ்ஹபை, அதாவது குர்ஆன் பிரதியை, தொட இடமுண்டு. தொழுகைக்கு மட்டும் புதிதாக எடுக்கட்டும். தண்ணியும் மிஞ்சும், பிள்ளைக்கு வெட்கமும் இராது.

ஓகஸ்ட் 22

ஓரடி ஐந்து அங்குலம். வலை நிற்கிறது.

ஓகஸ்ட் 23

பதினொரு பேரும், இருபத்திரண்டு குதிகால். தொட்டுப் பார்த்ததில் எல்லாம் ஈரம். நாளை சோடிகளை மாற்றிப் பார்க்கவேண்டும்.