ஒன்பதாவது முதல் வெள்ளி

இந்த மாதத்து முதல் வெள்ளியோடு அம்மாவின் நேர்த்தி முடிந்தது. தங்கை மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, புதுச்சேரி இருதய ஆண்டவர் கோயிலில் தொடர்ந்து ஒன்பது முதல் வெள்ளி நற்கருணை வாங்குவதாக அம்மா வேண்டிக்கொண்டார். கடலூரிலிருந்து முட்டிவலியோடு எட்டு மாதம் தவறாமல் பஸ் ஏறினார்.

ஒன்பதாவதுதான் பாடாய்ப் படுத்தியது. பஸ் நிலையத்தில் இறங்கும்போதே மழை. ரயில் நிலையத்துப் பக்கம் இருக்கிற கோயிலுக்கு ஆட்டோவில் இருநூறு ரூபாய் கேட்டார்கள், வேறு வழியில்லாமல் கொடுத்தோம். வாசலில் மெழுகுவத்தி விற்பவர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. உள்ளே சுற்றுலாக் கூட்டம், செபமாலை ஓடிக்கொண்டிருக்கும்போதே பீடத்துக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கிறார்கள். மனசு வெந்துபோனது, ஒரு பையனிடம் சொல்லியும் விட்டேன்.

அப்புறம் செபமாலை முடிந்து மாதாவை வேண்டும் 'கிருபை தயாபத்து மந்திரம்' தொடங்கினார்கள். "இந்தக் கண்ணீர்க் கணவாயிலே நின்று" என்ற இடத்தில் அம்மாவின் குரல் உடைந்தது. எனக்கு அந்த 16 கன்னியர் நினைவு வந்துவிட்டது.

பிரான்சில் கொம்பியேன் ஊர் மடத்தில் இருந்த கார்மேல் சபைக் கன்னியர். பிரெஞ்சுப் புரட்சியில் 1794 ஜூலை 17 அன்று பாரிசில் கில்லட்டின் என்ற தலைவெட்டும் எந்திரத்துக்கு வண்டியில் கொண்டுபோன வழியில் அவர்கள் பாடியது இதே மந்திரம்தான், லத்தீனில். முதலில் மேடை ஏறியவர், புரட்சிச் சட்டம் தடுத்ததால் துறவற வார்த்தைப்பாடு கொடுக்க முடியாமலே நவகன்னியாக (பயிற்சிநிலைக் கன்னியாக) இருந்த கொன்ஸ்தான்ஸ். மடத்துத் தாயார் கடைசியாக ஏறினார். பத்தே நாளில் புரட்சித் தலைவன் ரோபஸ்பியரின் ஆட்சி கவிழ்ந்தது. 2024 டிசம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களைப் புனிதர்களாக அறிவித்த செய்தி வந்தபோதுதான் நானே அவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன்.

திருச்சபை மேல் பிரெஞ்சுச் சனங்களுக்கு இருந்த கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். விளைச்சலில் தசமபாகத்தைத் திருச்சபைக்குக் கொடுத்தே ஓய்ந்த குடியானவர்கள், பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கே ஆயர் பதவி. ஆனால் 1789இல் திருச்சபைச் சொத்தை எடுத்ததோடு நிற்கவில்லையே. அரசுக்குச் சத்தியம் செய்யாத குருக்களைத் துரத்தினார்கள், 1792 செப்டம்பரில் பாரிசில் ஏறக்குறைய இருநூறு குருக்களைக் கொன்றார்கள், மறு வருடம் பாரிசின் பெரிய மாதா கோயிலான நோத்ர தாமையே 'பகுத்தறிவுக் கோயில்' ஆக்கினார்கள். மேற்கு பிரான்சின் வாந்தே பகுதியில் புரட்சியை எதிர்த்து எழுந்த குடியானவர்கள் சட்டையில் தைத்துக்கொண்டது எதை? இதே இயேசுவின் திருஇருதயத்தை. நாம் வீட்டுக்கு வீடு மாட்டி விளக்குப் போடுகிற படம் அங்கே உயிரை வாங்கும் அடையாளமாக இருந்திருக்கிறது.

அந்தப் புயலில் 1792இல் பிரான்சை விட்டுக் கிளம்பிய துபுவா சாமி என்ற பிரெஞ்சுக் குரு வந்து சேர்ந்தது நம் புதுச்சேரி மிஷனுக்குத்தான். இந்தக் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள், 1902இல் தொடங்கி 1907இல் முடித்தார்கள். நடுவில் 1905இல்தான் பிரான்ஸ், அரசு வேறு திருச்சபை வேறு என்று சட்டம் போட்டது. அங்கே கோயில் சாமான்களைக் கணக்கெடுக்க அதிகாரிகள் வந்து கைகலப்பு நடந்த காலத்தில், இங்கே திருஇருதயத்துக்குக் கோபுரம் எழும்பியிருக்கிறது. அன்று அந்தத் தூண்களைப் பார்த்தபடி இதையே நினைத்துக்கொண்டிருந்தேன், அதோடு செல்ஃபி கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

பூசைக்கு வில்லியனூரிலிருந்து தங்கை குழந்தையோடு வந்து சேர்ந்தாள். குருவானவர் நற்கருணையை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது, கோயிலே அமைதியாக இருக்கையில், பயல் வீறிட்டான். எல்லோரும் திரும்பிப் பார்க்க, தங்கை பதறி வெளியே தூக்கிப்போக எழுந்தாள். அம்மா அவள் சேலையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"கத்தட்டும்மா. பொறந்தன்னைக்கு அழக்கூடத் தெம்பில்லாம கெடந்தான்."

ஆண்டவரே, உமக்குக் கோடி நன்றி.