7777-ஐத் துரத்திய வாரம்

ஜூன் 3
ஃபைனல் ஃபேண்டஸி 7 வீடியோ கேமை மறுபடி முதலிலிருந்து ஆடுகிறேன். 1997-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த பழைய வடிவம்தான். சண்டைக்கு நடுவே நம் அணியில் ஒருவருடைய எச்பி, அதாவது உயிர்ப் புள்ளி, சரியாக 7777 ஆகிவிட்டால், 'ஆல் லக்கி செவன்ஸ்' என்று திரையில் வரும். அதன் பிறகு அந்த ஆள் நம் பேச்சைக் கேட்க மாட்டார். தானாகவே 64 முறை அடிப்பார், அடிக்கு 7777. பெருக்கிப் பார்த்தேன்: 4,97,728. இதுவரை ஒரு தடவைகூட எனக்கு வாய்த்ததில்லை. இந்த வாரம் பார்த்துவிட வேண்டும்.

ஜூன் 4
சூட்சுமம் பிடிபட்டது. போஷன் என்ற மருந்தைக் குடித்தால் எச்பி 100 ஏறும், ஹை-போஷனுக்கு 500. ஆக, இந்த இரண்டில் எதைக் குடித்தாலும் கடைசி இரண்டு இலக்கம் அசையாது. எதிரியின் அடிதான் எச்பியை 77-இல் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அது மட்டும் நம் கையில் இல்லை.

இரவு பதினோரு மணிக்குக் கதாநாயகன் கிளவுடுக்கு 6977 வந்தது! ஒரு ஹை-போஷன், 7477. அப்புறம் போஷன், 7577. இன்னொன்று, 7677. கடைசிப் போஷனுக்கு விரல் போவதற்குள் ஓர் அடி விழுந்தது. 7589. தூக்கமே வரவில்லை.

ஜூன் 6
ஏன் ஏழு? ஜப்பானில் பச்சிங்கோ என்ற உருண்டைச் சூதாட்டக் கடைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தவர் இதைக் கேட்கவே மாட்டார். 1980-இல் சாங்கியோ நிறுவனம் கொண்டுவந்த 'ஃபீவர்' இயந்திரத்தில் மூன்று ஏழு வரிசையாக நின்றால் உருண்டைகள் கொட்டும். அந்த 777 அப்படியே வீடியோ கேமுக்குள் வந்தது. 1996-இன் போகிமானில் கேம் கார்னர் என்ற சூதாட்டக் கூடத்துச் சுழல் இயந்திரத்திலும் 777-க்குத்தான் பெரிய பரிசு, 300 காசு. ஃபைனல் ஃபேண்டஸியிலோ தொடரின் வரிசை எண்ணே ஏழு. கிளவுடின் தோழி டீஃபாவின் மதுக்கடைக்குப் பெயர் 'செவன்த் ஹெவன்', அது இருக்கும் பகுதி 7-ஆவது செக்டர்.

255 என்ற எண்ணையும் இப்படி அதிர்ஷ்ட எண்ணாகச் சேர்ப்பதை நான் ஒப்ப மாட்டேன். 1986-இன் செல்டா கேமில் ரூபி என்ற பணம் 255-க்கு மேல் ஏறாது. அது அதிர்ஷ்டம் இல்லை, கணினி நினைவகத்தின் சிறு அலகான ஒரு பைட்டில் அடங்கும் மிகப் பெரிய எண். இடம் போதாமல் வந்த எண்ணும் ஆசையால் வந்த எண்ணும் வேறு வேறு.

ஜூன் 7
இன்று முழுக்க 765-தான் மனதில். ஜப்பானியத்தில் எண்களைப் பல விதமாக உச்சரிக்கலாம். 7 'ந', 6 'மு', 5 'கோ'. சேர்த்தால் நாம்கோ, வீடியோ கேம் நிறுவனத்தின் பெயர்! அதனால்தான் அவர்களுடைய 'ஐடல்மாஸ்டர்' விளையாட்டில் வரும் நிறுவனத்துக்குப் பெயர் 765 புரொடக்‌ஷன். இன்னொரு கேம் நிறுவனமான கோனாமியின் எண் 573: 5 'கோ', 7 'ந', 3 'மி'. அவர்களுடைய டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் கேம் ஓடிய ஆர்க்கேடு இயந்திரத்தின் மின்சுற்றுப் பலகைக்கு சிஸ்டம் 573 என்றே பெயர் வைத்தார்கள்.

இதை போனில் சொன்னதும், பாட்டு கற்ற அக்கா, "இது நம்ம கடபயாதிதானே!" என்றாள். எழுத்துக்கு எண் கொடுக்கும் பழைய முறை அது. மாயாமாளவகௌளை ராகத்தின் பெயரில் 'மா' 5, 'யா' 1. திருப்பிப் படித்தால் 15, அதாவது 15-ஆவது மேளகர்த்தா, தாய் ராகம். ராகத்தின் பெயருக்குள் எண்ணை வைத்தவர்களும் நாம்கோக்காரர்களும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது.

ஜூன் 9
வந்துவிட்டது!!

கிளவுடுக்கு 7377. நான்கு போஷன், குறுக்கே ஓர் அடிகூட விழவில்லை. திரையில் அந்த எழுத்து வந்ததும் கத்திவிட்டேன், அம்மா ஓடி வந்து பார்த்தார். மூன்று அடியில் எதிரிக் கூட்டம் சுருண்டது. மிச்சம் 61 அடிக்கு ஆளில்லை.

ஆனால் கடலடியில் எமரால்ட் வெப்பன் என்ற ராட்சத எதிரி காத்திருக்கிறது. அதன் எச்பி 10,00,000. இருவருக்கு 7777 வாய்த்தால் 9,95,456 போய்விடும். மீதி 4,544-ஐக் கிளவுடின் வாள் பார்த்துக்கொள்ளும். நாளை இரவு அங்கேதான்.