சூடு நிக்கணும், கரண்ட் மட்டும் போகணும்

ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு வெள்ளையா ஒரு சதுர பெல்டியர் தகடு கெடைக்கும், செவப்பு வயரும் கறுப்பு வயரும் நீட்டிட்டு இருக்கும். ஒரு பக்கம் சூடு காட்டுனா கரண்ட் வரும். ஆனா மறுபக்கத்துல ஹீட் சிங்க் (சூட்ட வெளிய தள்ளுற உலோகக் கட்டி) வைக்காம விட்டா கொஞ்ச நேரத்துலயே ரெண்டு பக்கமும் ஒரே சூடாயி வோல்டேஜ் விழுந்துரும்.

கொளச்சல்ல சித்தப்பா அதப் பாத்துட்டு, "போட்டுல சைலன்சர் இந்த கொதி கொதிக்கி, கீழ கடல் தண்ணி சும்மா கெடக்கு, இத வச்சி ரெண்டு லைட்டு எரியாதா மக்களே"ன்னு கேட்டாரு. எரியும் சித்தப்பா, ஆனா கரண்ட நல்லா விடுற பொருளு சூட்டையும் நல்லா விட்டுரும், ரெண்டு பக்கமும் ஒரே சூடாயிரும், அதாக்கும் சிக்கல்.

தகடுக்குள்ள இருக்குறது செமிகண்டக்டர். அதுல சூட்ட பெரும்பாலும் கொண்டு போறது எலக்ட்ரான் இல்ல, அணுக்களோட அதிர்வு, பேரு போனான். சிலிக்கான்ல எலக்ட்ரான் முட்டாம ஓடுற தூரம் ரொம்ப கம்மி, சூட்ட சுமக்குற போனான் பலதும் நூத்துக்கணக்கான நானோமீட்டர் ஓடும். அப்ப நடுவுல ஒரு சைஸ்ல தடை வச்சா போனான் மட்டும் மாட்டும்லா? 2008ல அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டில 50 நானோமீட்டர் கனத்துல, மேல்பரப்பு சொரசொரன்னு, சிலிக்கான் கம்பி செஞ்சாங்க, சூடு கடத்துறது சாதா சிலிக்கான விட சுமார் நூறு மடங்கு கொறஞ்சிட்டு. பாத்தப்ப நான் வாயப் பொளந்துட்டேன்.

ஆனா ஒரே அளவு தடை போதாது. நெத்தோலிக்கு ஒரு வலை, நெய்மீனுக்கு வேற வலைன்னு வைக்கிறோம்லா, அப்படி போனான்ல சின்ன அலைய நிறுத்த கலந்து விட்ட வேற அணு, நடுத்தரத்துக்கு நானோ துகள், நீளமான அலைக்கு பொடியான படிகங்களோட எல்லை. 2012ல ஈயமும் டெல்லூரியமும் சேந்த லெட் டெல்லுரைட்ல இந்த மூணையும் சேத்து, சூட்ட கரண்டாக்குற தரம் சொல்ற ZTங்கற நம்பர (கூடுனா நல்லது) 2.2 வரை கொண்டு போனாங்க, அதுவும் 915 கெல்வின், அதாவது 640 டிகிரி செல்சியஸ் கிட்ட சூட்டுல.

எனக்கு கம்பிய விட பொடிதான் புடிக்கும். பிஸ்மத் ஆன்டிமனி டெல்லுரைட பால் மில்லுல (உள்ள குண்டு உருண்டு அரைக்குற மிஷின்) அரைச்சி சூட்டோட அழுத்தி கட்டியாக்கி 2008லயே 100 டிகிரில ZT 1.4 எடுத்தாச்சி, பாக்டரில செய்யக்கூடிய வேல. கொடைச்சல் என்னன்னா, ரொம்ப நாள் சூட்டுல கெடந்தா அந்த பொடிப் படிகம் ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசாயி, அரைச்சது வீணாப் போகும், கடையில வாங்குற தகடுன்னா அதுக்கு முன்னாடியே உள்ள ஒட்ட வச்சிருக்க சால்டர் உருகிரும்.