பழைய கேபின் க்ரூஸர்: முதலில் மரம், அப்புறம் எஞ்சின்

பழைய கேபின் க்ரூஸர், அதாவது உள்ளே படுக்க அறை வைத்த மோட்டார் படகு, வாங்கலாம் என்று பார்க்கப் போகிறவர்கள் போன உடனே எஞ்சின் மூடியைத்தான் தூக்குவார்கள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துவிட்டால் பாதி மனசு அங்கேயே விழுந்துவிடும். பார்க்க வேண்டிய வரிசை அதுவல்ல. எஞ்சின் போல்ட்டில் நிற்கும் சாமான். போனால் கழற்றிவிட்டு வேறொன்றை இறக்கலாம். ஹல்லோடு (படகின் வெளி உடல்) ஒட்டி மேலே ஃபைபர் போர்த்திய மரம் அழுகியிருந்தால் படகையே பிரித்துத்தான் வேலை செய்ய வேண்டும். அந்தச் செலவு பல சமயம் படகின் விலையைத் தாண்டிப் போகும். ஓடாத எஞ்சினும் காய்ந்த ஹல்லும் உள்ள படகா, நன்றாக ஓடும் எஞ்சினும் ஊறிப்போன டிரான்ஸமும் (பின்சுவர்) உள்ள படகா என்று கேட்டால், யோசிக்காமல் முதலாவதை எடுக்கலாம்.

இங்கே சொல்வது 1970-களின் கடைசியிலிருந்து 1990-களின் நடுவரை கட்டிய, 24 முதல் 30 அடி நீள, பெட்ரோல் எஞ்சினும் ஸ்டர்ன் டிரைவும் (எஞ்சின் உள்ளே இருக்க, பின்சுவருக்கு வெளியே தொங்கும் ப்ரொப்பெல்லர் பகுதி) வைத்த படகுகளைப் பற்றி. ஃபைபர்கிளாஸ் படகு என்று பெயரே தவிர, இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே பலம் கொடுப்பது மரம்தான். எஞ்சினைத் தாங்கும் ஸ்ட்ரிங்கர், குறுக்கே நிற்கும் பல்க்ஹெட், பின்சுவரான டிரான்ஸம் எல்லாம் ப்ளைவுட்; டெக்குக்குள் பால்சா அல்லது ப்ளைவுட். தண்ணீர் இதற்குள் போவது ஹல்லில் விழுந்த ஓட்டையால் அல்ல. யாரோ பின்னால் போட்ட ஸ்க்ரூவால். ஆழம் காட்டும் டெப்த் சவுண்டர் முனையைப் பிடிக்கும் ஸ்க்ரூக்கள், நீச்சல் மேடையின் போல்ட்டுகள், படகின் சாய்வைச் சரிசெய்யும் ட்ரிம் டாப் தகடு, பில்ஜ் (படகின் அடிக்குழி) தண்ணீரை வடிக்கும் பிளக்கைச் சுற்றிய பித்தளை வளையம் ஆகியவைதான் வழக்கமான வாசல்கள். சீலன்ட் இல்லாமல் போட்ட ஒரே ஒரு ஸ்க்ரூ போதும். பத்து வருடத்தில் அதைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு மரம் கறுத்துவிடும்.

பிளாஸ்டிக் தலை வைத்த சிறிய சுத்தியல் ஒன்று போதும். காய்ந்திருக்கும் என்று உறுதியான இடத்தில், அதாவது டிரான்ஸத்தின் மேல் விளிம்பருகே, தட்டிக் காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். நல்ல மரம் ‘டக் டக்’ என்று கூர்மையாகப் பதில் சொல்லும். அங்கிருந்து இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு வீதம் கீழே இறங்குங்கள். சத்தம் ‘பொத் பொத்’ என்று மாறும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி எல்லை போடுங்கள். ஈரப்பத மீட்டர் கூடவே இருந்தால் நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. செம்பு கலந்த அடிப்பெயின்ட், உப்புப் படிவு, சுவருக்குப் பின்னால் இருக்கும் உலோகத் தொட்டி என எதுவும் அதை ஏமாற்றும். கரையேற்றிய அன்றைக்கே வைத்துப் பார்த்தால் எல்லாமே ஈரம் என்றுதான் காட்டும். ஓரிரு நாள் காய விடுங்கள்.

சந்தேகம் வந்தால் டிரான்ஸத்தின் உள்பக்கம், முடிந்தவரை கீழே, ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். ஓட்டையிலிருந்து பழுப்பு நீர் கசிந்தால் மேற்கொண்டு பேச்சில்லை. உரிமையாளர் சம்மதித்தால் உள்ளிருந்து 6 மி.மீ. பிட்டால் ஓர் அங்குல ஆழம் துளைத்துத் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிர் நிறத்தில் உதிர்ந்தால் நல்லது. கறுத்து, பிட்டில் அப்பிக்கொண்டு, புளித்த வாடை அடித்தால் அழுகல். பார்த்து முடித்ததும் அந்தத் துளையை எபாக்ஸி பசையால் அடைத்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

இன்னொரு சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். டிரைவைப் பாதி தூக்கி நிறுத்தி, ஒருவர் ப்ரொப்பெல்லருக்குக் கீழே நீட்டியிருக்கும் துடுப்பைப் பிடித்து மேலும் கீழும் அசைக்க, மற்றவர் டிரான்ஸத்தோடு ஒட்டியிருக்கும் உலோகத் தகட்டின் விளிம்பை மட்டும் பார்க்க வேண்டும். டிரைவே கொஞ்சம் ஆடுவது புஷ் (உள்ளே இருக்கும் உறை வளையம்) தேய்மானம். அது வேறு வேலை. தகட்டுக்கும் ஃபைபருக்கும் நடுவே கோடு திறந்து மூடினால் உள்ளே மரம் மெத்தென்று ஆகிவிட்டது என்று பொருள். எஞ்சினின் முன் மவுண்ட்டைப் பிடித்திருக்கும் மர ஸ்க்ரூவில் ஸ்பானர் போட்டு லேசாக இறுக்கிப் பாருங்கள். பிடி கிடைக்காமல் சுற்றிக்கொண்டே போனால் ஸ்ட்ரிங்கரும் போயிற்று.

அழுகிய டிரான்ஸத்தில் வரிசையாகத் துளை போட்டு நீர்த்த எபாக்ஸியை ஊற்றினால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஈர மரத்துக்குள் எபாக்ஸி ஊறாது. துளையைச் சுற்றிச் சிறு குச்சிகளாக இறுகி நிற்கும், நடுவில் அழுகல் அப்படியே இருக்கும். விற்பதற்கு முன் செய்யும் வேலை அது.

சரியான வேலை பெரிது, ஆனால் மர்மம் எதுவும் இல்லை. டிரைவ், எஞ்சின், டிரான்ஸம் தகடு மூன்றையும் எடுத்துவிட வேண்டும். எடுக்கும் முன்பே எஞ்சின் மவுண்ட்டுகளின் உயரத்தையும் இடைவெளியையும் அளந்து, ஒரு பலகையில் அச்சு எடுத்து வையுங்கள். ஸ்ட்ரிங்கரை வெட்டிய பிறகு அந்த அளவு எங்கும் கிடைக்காது. டிரான்ஸத்தின் உள்பக்க ஃபைபர் தோலைச் சுற்றிலும் 75 மி.மீ. விளிம்பு விட்டு வெட்டி, அழுகிய ப்ளைவுட்டைச் சுரண்டி எடுத்து, வெளித்தோலின் உள்முகத்தை 36 கிரிட் டிஸ்க்கால் சுத்தமான ஃபைபர் தெரியும்வரை தேய்க்க வேண்டும். 19 மி.மீ. மரைன் ப்ளைவுட் இரண்டு அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் இரு முகமும் விளிம்பும் தூள் எதுவும் கலக்காத எபாக்ஸியால் பூசப்பட வேண்டும். விளிம்பு குடிக்கும், இரண்டாவது, மூன்றாவது தடவையும் பூசுங்கள். பிறகு சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியைப் பல் கரண்டியால் பரப்பி, ஏற்கெனவே இருக்கும் போல்ட் ஓட்டைகள் வழியாகவே இறுக்கலாம். எல்லா விளிம்பிலும் எபாக்ஸி பிதுங்கி வந்தால்தான் உள்ளே காற்றுப்பை இல்லை. ரொம்ப இறுக்கினால் பசை முழுக்க வெளியேறி மூட்டு காய்ந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூலைகளில் 15 மி.மீ. ஆரத்தில் வளைவு கொடுத்து, அதன்மேல் 1708 என்ற தடித்த ஃபைபர்கிளாஸ் துணியை 75, 150, 225 மி.மீ. என்று படிப்படியாக அகலமாக்கிப் போடுங்கள். மெர்க்ரூசர் நிறுவன டிரைவுக்கு, வேலை முடிந்த டிரான்ஸத்தின் தடிமன் 51 முதல் 57 மி.மீ.க்குள் வர வேண்டும். டிரைவ் ஓட்டையைச் சுற்றி இடத்துக்கிடம் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது. இந்த அளவு தப்பினால் எஞ்சினும் டிரைவும் நேர்க்கோட்டில் வராது. மற்ற எல்லாம் அழகாக முடிந்திருந்தும் பயனில்லை.

ஸ்ட்ரிங்கர் மாற்றும்போது இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்கவே கூடாது. ஒன்றை முடித்து இறுகவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். அடியைப் பல இடத்தில் தாங்கி நிறுத்தாமல் டிரெய்லர் உருளைகள் மேலேயே வைத்து வேலை செய்தால், அடிப்பகுதி உள்வாங்கி வளைந்து அப்படியே நிலைத்துவிடும். அப்புறம் வேகம் எடுக்கும்போது படகு மூக்கைக் குத்தும்.

ஹல்லின் அடியில் தெரியும் சிறு கொப்புளங்களைப் பார்த்துப் பயப்படுபவர்கள் நிறைய. ஃபைபருக்குள் தண்ணீர் ஊறி எழும் இந்த ஆஸ்மாஸிஸ் கொப்புளம் பெரும்பாலும் தோற்றக் குறைதான். குத்தினால் வினிகர் வாடையுடன் நீர் வரும். தேய்த்து, காயவிட்டு, எபாக்ஸி பூசலாம். விலை குறைக்கப் பயன்படும் குறை அது, படகை விட்டுவிடும் அளவுக்கு அல்ல.

இனி எஞ்சின். உப்புத் தண்ணீரில் ஓடிய படகில் முதல் கேள்வி: எஞ்சினுக்குள் கடல்நீர் நேரடியாக ஓடுகிறதா, ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்து கூலன்ட் ஓடுகிறதா? கூலன்ட் ஓடினாலும் எக்ஸாஸ்ட் ரைசரில் (புகை வெளியேறும் வளைகுழாய்) பெரும்பாலும் கடல்நீர்தான். வார்ப்பிரும்பு ரைசரும், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து அதற்கு அனுப்பும் மேனிஃபோல்டும் உப்புத் தண்ணீரில் ஐந்திலிருந்து ஏழு வருடம் தாங்கும். அதற்குள் தண்ணீர்ப் பாதைக்கும் புகைப் பாதைக்கும் நடுவே இருக்கும் சுவர் உள்ளிருந்தே மெலிகிறது. வெளியே புதுப் பெயின்ட் பளபளக்கும். சுவர் விட்டதும் எஞ்சின் நின்ற பிறகு தண்ணீர் சொட்டி, எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கும் சிலிண்டருக்குள் சேர்கிறது. அடுத்த தடவை சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே சத்தம், பிறகு அசைவில்லை. தண்ணீர் அழுந்தாது; கனெக்டிங் ராட்தான் வளையும். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ரைசரைக் கழற்றிப் பார்க்க அனுமதித்தால் கேஸ்கெட் முகத்தைப் பாருங்கள்: தண்ணீர் ஓட்டையிலிருந்து புகை ஓட்டைக்கு ஒரு துருக் கோடு போயிருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே.

கம்ப்ரெஷன் சோதனைக்கு (சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்ப்பது) வி8 எஞ்சினின் எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். ஒரு பிளக் மட்டும் கழற்றி எடுத்த அளவு எதற்கும் உதவாது. எண் எவ்வளவு என்பதைவிட எல்லாம் ஒன்றுபோல இருக்கிறதா என்பதுதான் முக்கியம். 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் காரணம் தேட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். கழற்றிய பிளக்குகளில் ஒன்றில் துரு இருந்தால் மேலே சொன்ன ரைசர் கதைதான். உறைபனி விழும் இடங்களில் நின்ற படகு என்றால், மேனிஃபோல்டுக்குக் கீழே பிளாக்கின் பக்கச் சுவரில் நீளவாக்கில் விரிசலோ, விரிசலை மறைத்துப் பூசிய எபாக்ஸியோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் வடிக்காமல் விட்ட ஒரு குளிர்காலம் போதும்.

ஸ்டர்ன் டிரைவில் படகையே மூழ்கடிக்கக்கூடிய சாமான் ஒரு ரப்பர் குழாய்: யூ-ஜாயின்ட் பெல்லோஸ். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மடிப்புகளுக்குள் வெடித்தால் தண்ணீர் முதலில் டிரைவ் ஷாஃப்ட்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கைத் துருப்பிடிக்க வைத்து, பிறகு அதன் வழியே பில்ஜுக்கு வரும். டிரைவைப் பக்கவாட்டில் முழுக்கத் திருப்பி, விரலால் மடிப்பை விரித்துப் பாருங்கள். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது உறுமல் கேட்டால் பேரிங் போய்விட்டது.

மெர்க்ரூசரின் ஆல்ஃபா ஒன் வகை டிரைவைக் கழற்றும் முன் கியரை ஃபார்வர்டில் போட வேண்டும். இல்லையென்றால் ஷிஃப்ட் இணைப்பு விடுபடாது. ஆறு நட்டு, 5/8 அங்குல ஸ்பானர். டிரைவ் கனமானது, தனியாக இழுக்க வேண்டாம். பெல்லோஸ் மாற்றும் அன்றைக்கே பேரிங், ஷிஃப்ட் கேபிள், உள்ளே இருக்கும் தண்ணீர் பம்ப்பின் இம்பெல்லர் (ரப்பர் இறக்கைச் சக்கரம்) எல்லாவற்றையும் முடித்துவிடுவது லாபம், கழற்றும் உழைப்பு ஒன்றுதானே. அதே நிறுவனத்தின் பிராவோ வகை டிரைவில் பம்ப் எஞ்சின் பக்கம் இருக்கிறது. பழைய இம்பெல்லரில் இறக்கை குறைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுத்தே ஆக வேண்டும். பெரும்பாலும் பவர் ஸ்டியரிங் கூலரின் வாயில் அடைத்துக்கொண்டிருக்கும். தேடாமல் விட்டால் புது இம்பெல்லரோடும் எஞ்சின் சூடாகும். மாட்டும் முன் அலைன்மென்ட் கம்பியை பேரிங் வழியே செருகுங்கள். இரண்டு விரல் தள்ளலுக்கு எஞ்சின் பின்னால் இருக்கும் கப்ளருக்குள் (டிரைவ் ஷாஃப்ட் சேரும் இணைப்பு) போக வேண்டும். போகவில்லையென்றால் முன் மவுண்ட்டின் உயரத்தைச் சரிசெய்யுங்கள், சுத்தியலை எடுக்காதீர்கள்.

டிரைவ் ஆயிலை வடித்தால் பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் சீல் போயிற்று. புது ஆயிலைக் கீழ் ஓட்டையிலிருந்து பம்ப் செய்து, மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் வரும்வரை ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று தங்கும்.

பெட்ரோலும் மூடிய பில்ஜும் சேர்ந்த இடத்தில் கார் பாகங்களுக்கு வேலையில்லை. பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் மரைன் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவை பொறி வெளியே வராதபடி கட்டப்பட்டவை. மலிவாகக் கிடைத்தது என்று முந்தைய உரிமையாளர் கார் சாமானை மாட்டியிருக்கிறாரா என்று எண்களைப் பாருங்கள். இயந்திர எரிபொருள் பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்கு ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாய் போகும். அதில் பெட்ரோல் தெரிந்தால் பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. ஸ்டார்ட் செய்யும் முன் பில்ஜ் காற்றை வெளியேற்றும் ப்ளோயர் நான்கு நிமிடமாவது ஓட வேண்டும்.

அலுமினியத் தொட்டியை ஃபோமுக்குள் புதைத்திருந்தால் கீழ்முகத்தில் ஈரம் தங்கிக் குழி விழுந்திருக்கும். காற்றழுத்தச் சோதனையில் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றாதீர்கள், நல்ல தொட்டியே பிதுங்கிவிடும். மாற்றுவதென்றால் காக்பிட் தரையை வெட்ட வேண்டியிருக்கலாம். அதையும் விலைப் பேச்சில் சேர்க்க வேண்டும். வயரிங்கில் ஒன்றே ஒன்று: தகரம் பூசாத சாதா செம்பு வயர் உறைக்குள்ளேயே கறுத்துக்கொண்டு போகும். ஒரு முனையை வெட்டிப் பாருங்கள், ஓர் அங்குலம் தள்ளியும் கறுப்பாக இருந்தால் முழு வயரும் மாற்றத்தான் வேண்டும். பில்ஜ் பம்ப்பின் ஃப்ளோட் சுவிட்ச், மெயின் சுவிட்சைத் தாண்டி ஃப்யூஸோடு நேராக பேட்டரிக்குப் போக வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும் நாளில் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வரும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாமல் போகும். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். தண்ணீரில் நிற்கும்போது பின்பக்கம் அடிப்பெயின்ட் கோடு தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்தால் தரைக்கடியில் ஃபோம் ஊறிக் கனத்திருக்கக்கூடும். கார்புரேட்டர் வைத்த 5.7 லிட்டர் வி8 முழு த்ராட்டிலில் 4400 முதல் 4800 ஆர்.பி.எம். தொட வேண்டும். தொடவில்லையென்றால் எஞ்சின் களைத்திருக்கலாம், ப்ரொப்பெல்லர் தப்பாக இருக்கலாம், அல்லது படகு தண்ணீர் குடித்துக் கனத்திருக்கலாம். மெதுவாகப் போகும்போது சரியாக இருந்து, வேகத்தில் மட்டும் வெப்பமானி ஏறினால் தண்ணீர் ஓட்டத்தில் அடைப்பு.

ஆண்டுப் பராமரிப்புக்குப் படகு விலையில் 10 சதவீதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மலிவான பழைய படகுக்கு அது பொருந்தாது. ரைசரும் பெல்லோஸும் அடிப்பெயின்ட்டும் படகு என்ன விலைக்குக் கிடைத்தது என்று பார்த்து விலை வைப்பதில்லை. அதே 28 அடிப் படகு புதிதாக என்ன விலை என்று பார்த்து யோசித்தால் நிஜத்துக்கு அருகில் வரலாம். முன்பணம் கொடுப்பதென்றால், சர்வேயும் (நிபுணர் செய்யும் படகுச் சோதனை) ஓட்டமும் திருப்தியாக இல்லாவிட்டால் பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். வாங்கிய பிறகு முதல் சீசனுக்குள் பெல்லோஸ், இம்பெல்லர், எல்லா ஆயிலும் ஃபில்டரும், விரலால் அழுத்தினால் வெடிப்பு காட்டும் ஒவ்வொரு ஹோஸும் புதிதாகிவிட வேண்டும். மெத்தை உறையும் புது ஸ்டீரியோவும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கலாம்.