தந்தையின் மாத வருமானம்

நான் படிக்கப் போகும் தொழிற்பயிற்சிக்கான உதவிப்பணப் படிவத்தின் ஏழாவது கேள்வியில் நின்றுவிட்டேன். ஐந்தாவது, தந்தையின் பெயர். எழுதிவிட்டேன். ஆறாவது, தந்தையின் தொழில். ஏழாவது, தந்தையின் மாத வருமானம், கிராம அலுவலரின் கடிதத்துடன். அப்போது எனக்கு 34 வயது. மகள் ஆறாம் தரத்தில் படிக்கிறாள். அப்பா 2009இல் போனவர். எங்கே, எப்படி என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த தம்பி நல்ல பிள்ளை. என் முகத்தையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இறந்துவிட்டார் என்று எழுதினால் மரண அத்தாட்சிப் பத்திரம் இணைக்க வேண்டும், அக்கா" என்றார். அது எங்களிடம் இல்லை. "கணவரின் வருமானத்தை எழுதட்டுமா?" என்று கேட்டேன். "அதற்கு இதில் இடமில்லையே" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'பாதுகாவலர்' என்ற சொல்லைப் பேனாவால் வட்டமிட்டு, இதற்குக் கீழே எழுதுங்கள் என்று காட்டினார். இப்படியாக என் கணவர் எனக்குப் பாதுகாவலர் ஆனார். வீட்டுக்கு வந்து சொன்னதும் அன்றிரவு முழுவதும் என்னை "மகளே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சோறு போடும்போது அகப்பையால் ஒன்று கொடுத்த பிறகுதான் ஓய்ந்தார்.

நான் விசுவமடுக்காரி, இலங்கையின் வடக்கில். ஒன்பது வருடம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மெஷினில் இருந்தேன். காற்சட்டைக்குப் பொக்கற் வைப்பது என் வேலை. காலை 5.40க்குச் சந்தியில் தொழிற்சாலை பஸ் வரும். 2023இல் ஓடர் குறைந்தது. முதலில் ஓவர்டைம் நின்றது, பிறகு சனிக்கிழமை நின்றது, ஐப்பசியில் எங்கள் லைனே நின்றது. பணிக்கொடையைத் தந்துதான் அனுப்பினார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஐந்து வருடம் நிறைந்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். என் கடைசி அடிப்படைச் சம்பளம் 24,000. அரை மாதம் 12,000. ஒன்பது வருடத்துக்கு 1,08,000 ரூபாய். அதோடு ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் முதலாளி எங்களுக்காகக் கட்டிய 3 வீதம். வேலையை விட்டால் அதை எடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. 71,000 சொச்சம் வந்தது.

பெரிய பணம் முதுமைக்கென்று சேர்க்கும் ஊழியர் சேமலாப நிதியத்தில் இருக்கிறது. என் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும். பெண்களுக்கு 50 வயதில் தருவார்கள், ஆண்களுக்கு 55. இடையில் அவசரமென்றால், பத்து வருடம் கட்டியவர்கள் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் வரை எடுக்கலாம். படிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. நம்பிக்கை நிதியத்தில் புலமைப்பரிசில் உண்டு, ஆனால் அது அங்கத்தவரின் பிள்ளைக்கு. அங்கத்தவரே புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு போவார் என்று அதை வகுத்தவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை போலும்.

வேலை போனவர்களுக்கென்று மாதக் கொடுப்பனவு எதுவும் நம் நாட்டில் கிடையாது. 2023 ஆடியில் சமுர்த்தி நிவாரணத்துக்குப் பதிலாக அஸ்வெசும என்ற அரச கொடுப்பனவு வந்தது. அது வீட்டின் வறுமையைப் பார்த்துத் தருவது. நேற்று வேலை போனதா, படிக்கப் போகிறாயா என்பதெல்லாம் அதன் கணக்கில் இல்லை. எங்களுக்கு இந்திய வீட்டுத்திட்டத்து வீடு இருக்கிறது, ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. எங்களைவிட இல்லாதவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கும்போது நான் அதைக் கேட்கவும் கூடாது.

நான் சேரப் போனது கிளிநொச்சியில் ஓர் அரச பயிற்சி நிலையத்தில் மின்னிணைப்பாளர் (வயரிங்) பாடநெறி, ஆறு மாதம் வகுப்பு, ஆறு மாதம் வேலைத்தளம், முடிவில் தேசிய தொழிற் தகைமை மூன்றாம் மட்டம். கட்டணம் இல்லை. இதைக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: "பிறகென்ன, இலவசம்தானே, போய்ப் படிக்க வேண்டியதுதானே." இந்த வசனத்தோடுதான் எனக்கு வழக்கு. 1945இலிருந்து இந்த நாட்டில் கல்வி இலவசம். அதில் எனக்குப் பெருமை உண்டு, அந்தப் பள்ளிக்கூடங்களில்தான் நானும் எழுத்துப் படித்தேன். ஆனால் 34 வயதில் ஒருத்தி படிக்கப் போனால் வகுப்புக்குக் கொடுக்கும் காசு கடைசிச் செலவு. என் கொப்பியில் எழுதி வைத்த கணக்கைத் தருகிறேன். பஸ்ஸுக்குப் போய்வர 260 ரூபாய். மத்தியானச் சாப்பாடு வீட்டிலிருந்து. கச்சான் பிடுங்கப் போனால் அப்போது ஒரு நாளைக்கு 1,800 ரூபாய். வகுப்பு இருபது நாள் என்றால் 36,000 ரூபாய் வராமல் போகிறது. கச்சான் வேலை மாதம் முழுவதும் இருக்காது, உண்மைதான். பாதி நாள் என்று வைத்தாலும் 18,000. மகளின் ரியூசன் காசு 2,500. கணவர் உழவு யந்திரம் ஓடுகிறவர். மாரிமழையில் வரும் காலபோகத்தில் கை நிறையும், கோடைச் சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரைப் பார்த்துத்தான் வரும். ஆக, படித்த மாதமெல்லாம் பணிக்கொடைப் பணத்தைக் கிள்ளிக் கிள்ளித் தின்றோம். ஒரு வளையல் வங்கிக்குப் போனது.

மாணவர் உதவித்தொகை என்றால் எங்கள் ஊரில் எல்லோர் வாயிலும் வருவது மகாபொல. 1981இல் தொடங்கியது. அபிவிருத்தி லொத்தர் விற்கும் காசு அதற்குப் போகிறது. ஆகவே பரந்தன் சந்தியில் குடைக்குக் கீழே லொத்தர் விற்கும் ஐயாவும் யாரோ ஒரு பிள்ளையைக் கம்பஸில் படிப்பிக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை 5,000இலிருந்து 7,500 ஆக்கினார்கள். நல்லது. ஆனால் அது உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகம் போன பிள்ளைகளுக்கு. நான் உயர்தரம் எழுதியது 2009 ஆவணியில், போர் முடிந்து எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில். மூன்று பாடத்தில் ஒன்று சித்தி. கணக்கீட்டுக் கொப்பிகள் எந்தப் பதுங்குகுழியில் கிடந்தனவோ. மற்ற இரண்டையும் திரும்ப எழுது என்று அம்மா சொன்னார். அப்போது வீட்டுக்கு உழைக்கிற கையாக நான் ஒருத்திதான் இருந்தேன்.

அக்கா கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். 2009இல் அவருக்கும் பொதி கட்டும் தொழிற்சாலையில் வேலை போனது. அங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் அதற்கு முந்திய வருடம்தான் 'செகண்ட் கரியர்' என்ற திட்டம் வந்திருந்தது. இப்போது வேறு பெயரில் இருக்கிறது. ஆட்குறைப்பில் வேலை போனவர் புதுத் தொழில் படிக்கப் போனால் கல்லூரிக் கட்டணம், புத்தகம், பஸ் காசு, பிள்ளை பராமரிப்பு, வீட்டுச் செலவு எல்லாம் சேர்த்து அப்போது 28,000 டொலர் வரை தந்தார்கள். அக்கா முதியோர் பராமரிப்புப் படித்தார். நான் வாயைப் பிளந்ததும், "பிள்ளை, சொர்க்கம் என்று நினைக்காதே" என்றார். தேடிப் பார்த்தும் வேலை கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டுமாம். படிக்கப் போகும் தொழிலுக்கு ஆள் தேவை என்று தாளோடு நிரூபிக்க வேண்டுமாம். அத்தானின் சம்பளத்தைப் பார்த்துவிட்டு ஒரு பங்கை நீங்களே போடுங்கள் என்றார்களாம். எல்லாம் சரி. அப்பாவின் வருமானத்தைக் கேட்டார்களா என்றேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இருவரும் சிரித்தோம், அந்தச் சிரிப்பு எங்கள் இருவருக்கும் மட்டும் விளங்கும்.

எங்கள் நிலையத்திலும் உதவிப்பணம் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. வந்த நாட்களை எண்ணி ஒரு சிறு தொகை. அதோடு இ.போ.ச., அதாவது அரச பஸ், சீசன் அட்டை. சீசன் முதல் நாள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். நடத்துநர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மகளின் சீசனில் தாய் போக முடியாது, அம்மா." படத்தைக் காட்டினேன். பின்னால் இருந்த மீன்காரி, "படிக்கிற பிள்ளைக்கு இடம் விடுங்கோ" என்று சொல்ல, பஸ் முழுக்கச் சிரிப்பு. அதன்பிறகு அந்த நடத்துநர் தருமபுரம் தாண்டியதும் "இன்றைக்கு என்ன படிப்பு?" என்று கேட்காத நாளில்லை. ஆனால் சீசன் அரச பஸ்ஸுக்கு மட்டும். பின்னேரம் அந்த பஸ்ஸை விட்டால் தனியார் பஸ், முழுக் காசு. கடைசிப் பாடம் எர்த் சோதனை என்றால் நான் பாதியில் எழும்பிவிடுவேன். இன்றைக்கும் எர்த் ரொட் அடிக்கும்போது, தவறவிட்ட அந்தப் பாதியில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஒரு யோசனை வரும்.

வகுப்பில் 19 பேர். பெரும்பாலும் சாதாரண தரம் முடித்த பொடியன்கள், மீசை அரும்பாதவர்கள். முதல் கிழமை அன்ரி என்றார்கள், கணக்குக் கொப்பி பார்த்து எழுதத் தொடங்கியதும் அக்கா ஆக்கினார்கள். முச்சக்கரவண்டி ஓடிக்கொண்டிருந்த அண்ணை ஒருவரும் இருந்தார். பத்து வருடம் வீடுகளுக்கு வயரிங் செய்தவர், கையில் தாள் மட்டும் இல்லை. அவர் ஏன் எங்களோடு இருந்து சுவிட்ச் பூட்டப் பழக வேண்டும் என்று போதனாசிரியருக்கே தோன்றி, முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியைச் சொன்னார். செய்த வேலைக்கு ஆதாரம் சேர்த்து, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டி, வகுப்பில் இருக்காமலே அதே மட்டச் சான்றிதழ் எடுத்துவிட்டார். இது தெரியாமல் எத்தனை மேசன்மாரும் தச்சர்களும் வெறுங்கையோடு இருக்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள்.

இனி, எழுத வேண்டாம் என்று மூன்று நாள் தள்ளி வைத்த பகுதி. எனக்குப் பக்கத்து மேசையில் 29 வயதுத் தங்கை ஒருத்தி இருந்தாள். இரண்டு பிள்ளைகள், துணை இல்லை. எங்கள் எல்லோரையும்விட அவளுக்குக் கை ஓடும். ட்ரிப் சுவிட்ச் ஏன் விழுகிறது என்று சேர் கேட்டால் பொடியன்கள் முகட்டைப் பார்ப்பார்கள், அவள் வாய்க்குள் பதில் சொல்வாள். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அவள் முகம் வேறாக இருக்கும். கிழமைக் கடன், குழுவாக எடுத்தது, செவ்வாய் 3,200 ரூபாய். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே பேச்சு வாங்குவது கடன்காரரிடம் இல்லை, அயலவரிடம். ஆறாவது கிழமை செவ்வாய் வரவில்லை. புதனும் வரவில்லை. சலாட் தோட்டம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

எங்கள் உதவிப்பணம் மூன்றாவது மாதம்தான் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. அவள் பெயருக்கு நேரே வருகை போதாது என்று கோடு. பசித்த அன்று இல்லாமல் மூன்று மாதம் கழித்து வரும் சோறு யாருக்கு? ஆனால் அலுவலகத்தை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கிழமை என் வங்கிப் புத்தகத்தில் 90,000 ரூபாய்க்கு மேல் இருந்தது. 3,200 என்னால் கொடுத்திருக்க முடியும். இன்னும் எத்தனை செவ்வாய் வருமோ என்று பயந்து கேட்காமல் இருந்துவிட்டேன்.

2025 மாசியில் என் வேலைத்தளப் பயிற்சி முடிந்தது. இப்போது புதுக்குடியிருப்பு வரை போய் வயரிங் செய்கிறேன். பெண்கள் தனியே இருக்கும் வீடுகளில் அதிகம் கூப்பிடுகிறார்கள். ஏணியில் ஏறுவது நான் என்றால் அவர்கள் ஆறுதலாகச் சமையலைப் பார்க்கலாமாம். மழைக்காலத்தில் நல்ல மாதம் 45,000 வரும், மோசமான மாதம் 15,000. வளையலை இன்னும் மீட்கவில்லை.

போன கிழமை உடையார்கட்டில் ஒரு வீட்டில் மின்விசிறி பூட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரி ஏணியைப் பிடித்தபடி கேட்டார், தனக்கு 41 வயது, வெதுப்பகப் பாடநெறிக்கு எடுப்பார்களா என்று. எடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை படிவத்தோடு வரச் சொல்லியிருக்கிறேன். இதை வாசிக்கும் எங்கள் பக்கத்து ஆட்களும் வரலாம். அடையாள அட்டைப் பிரதி இரண்டு, பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலரின் கடிதம், அதில் கணவரின் வருமானமோ உங்கள் சொந்த வருமானமோ தெளிவாக இருக்கட்டும். கிழமைக் கடன் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முதல் மூன்று மாதத்துக்கு என்ன செய்வது என்று படிவத்துக்கு முதலே இருந்து கணக்குப் பார்ப்போம். சீசனுக்குப் படம் வேறாக வேண்டும், புதிதாக எடுத்தது. பழைய படம் கொண்டு போனால் அந்த நடத்துநர் விடமாட்டார்.