பிசிக்ஸ் பீரியடில் கணக்கு வாத்தியார்

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். எங்கள் பிசிக்ஸ் ஆசிரியர் கவுன்சலிங்கில் மாறுதல் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார். 2022 ஜூனில் பள்ளி திறந்தபோது அவர் இடம் காலி.

"பிசிக்ஸும் பாதி கணக்குதானே சார், கொஞ்ச நாள் பாத்துக்கோங்க" என்றார் எச்.எம். சரி என்றேன். நிலைமின்னியல் வரைக்கும் சமாளித்துவிட்டேன், தொகையீடு நமக்குப் பழக்கம்தானே. மாட்டிக்கொண்டது லேபில். ஒளியை ஆராயும் கருவியான ஸ்பெக்ட்ரோமீட்டரில் பிம்பத்தைக் கொண்டுவர நான் முக்கால் மணி நேரம் திருகியதைப் பார்த்து ஒரு பையன், "இன்னா சார், நீங்க மேக்ஸ் சார்தானே?" என்றான். கேலி இல்லை, நிஜமாகவே பரிதாபப்பட்டுத்தான் கேட்டான்.

அந்த ஜூலையில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை எடுக்க அரசு அனுமதித்தது. முதுகலை ஆசிரியருக்கு மாதம் 12,000 ரூபாய், பிறகு 18,000 ஆக்கினார்கள். கணக்குக்கும் அதே தொகை, தமிழுக்கும் அதே தொகை. ஆள் கிடைக்காத பாடம் என்று பிசிக்ஸுக்குத் தனியாக எதுவும் கிடையாது. எங்களுக்கு வந்தவர் எம்.எஸ்சி., பி.எட். முடித்த பெண், மீஞ்சூரிலிருந்து ரயிலில் வருவார். வந்த இரண்டாம் நாளே ஸ்பெக்ட்ரோமீட்டரைப் பத்து நிமிடத்தில் சரிசெய்தார். ஜனவரியில் ஒரு நீட் கோச்சிங் சென்டர் இரண்டு மடங்கு சம்பளம் தருகிறேன் என்றது. என்னிடம் சொல்ல வந்தபோது அவருக்கே சங்கடம். "போம்மா" என்றேன். வேறென்ன சொல்ல? மே மாதம் சம்பளம் வராத வேலையைக் காட்டி யாரை நிறுத்தி வைப்பது?

லெஸ்டரில் ஆசிரியராக இருக்கும் என் அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். அவள் அங்கத்திய கதையைச் சொன்னாள். இங்கிலாந்தில் 2025-26இல் பிசிக்ஸ், கணக்கு, கெமிஸ்ட்ரி, கம்ப்யூட்டிங் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தால் வரியில்லாமல் 29,000 பவுண்டு உதவித்தொகை. வரலாற்றுக்கு ஒரு பைசா கிடையாது. "ஆனா மாமா, பயிற்சிய முடிச்சிட்டு ஸ்கூல் பக்கமே போகலன்னாலும் திருப்பிக் கேக்க மாட்டாங்க" என்று சிரித்தாள். எனக்குப் பிடித்தது இன்னொரு திட்டம்: வசதி குறைந்த பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளியில் அந்தப் பாடங்களை எடுத்தால், முதல் ஐந்து வருடங்களுக்கு ஆண்டுக்கு 6,000 பவுண்டு வரை கூடுதல். அங்கேயே இருந்தால்தான் பணம்.

இங்கே அடையாற்றில் இருந்தாலும் தண்டையார்பேட்டையில் இருந்தாலும் வீட்டு வாடகைப்படி ஒன்றுதான். ஊட்டிக்கு மலைப்படி உண்டு. கன்டெய்னர் லாரிப் புழுதிக்கும் கொடுங்கையூர் குப்பை வாடைக்கும் ஒரு படி இருந்தால், சீனியர்கள் கவுன்சலிங்கில் முதல் வேலையாக வடசென்னையை விட்டு ஓடுவார்களா என்று தோன்றும். கொஞ்சம் பேர் ஓடத்தான் செய்வார்கள், விடுங்கள்.

அந்தப் பெண் போகும் முன் ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சரிசெய்யும் முறையை ஒரு தாளில் படம் போட்டு எழுதிக்கொடுத்தார். பிளஸ் டூ பிராக்டிகலை அதை வைத்துத்தான் ஓட்டினேன். லேப் பீரோ கதவின் உள்பக்கம் இன்னும் ஒட்டியிருக்கிறது.