கல்லில் மண்டியிட்ட தாய்

1914இல், 18 வயதே ஆன இளைய மகன் பேட்டர் போருக்குச் செல்லத் தந்தை கார்ல் இசைய மறுத்தபோது, மகனுக்காகப் பரிந்து பேசி ஒப்புதல் பெற்றுத் தந்தவர் தாய், ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ். அக்டோபரிலேயே அவன் பெல்ஜியத்தில் மடிந்தான். பெர்லின் ஏழைகளின் பசியை வரைந்த அந்தக் கைகளுக்கு, மகனின் நினைவுச் சின்னத்தை முடிக்க 1932 வரை ஆயிற்று. இன்று பெல்ஜியத்தின் விளாட்ஸ்லோ கல்லறைத் தோட்டத்தில் இரு கற்சிலைகளாக, கைகளால் தன்னையே இறுகக் கட்டிக்கொண்டு தந்தை நிமிர்ந்து மண்டியிட்டிருக்க, தாயோ தலை கவிழ்ந்து குனிந்திருக்கிறார். அச்சிலைகளின் முகங்கள் கார்ல், கேத்தே இருவரின் முகங்களே. அவர்களை ஒரே பீடத்தில் சேர்க்காமல் தனித்தனியே அமர்த்தியதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. 1933இல் நாஜிகள் கேத்தேயைப் பிரஷ்யக் கலைக்கழகத்திலிருந்து விலக வைத்தனர். 1942இல் பேரனும் போரில் மாண்டான். அவன் பெயரும் பேட்டர்தான்.